பாட்டிக்கு இடம் விடுங்கள்

மார்கழிப் பனி கொட்டத் தொடங்கினால், ஆவடியில் பல வீடுகளின் வராந்தா குப்பை அறையாகிவிடுகிறது. உடைந்த சைக்கிள், காலி டின், பழைய செருப்பு! அங்கே உட்கார்ந்து தெருவைப் பார்த்த பாட்டி, உள்ளே ஒரு மூலையில் முடங்கிவிடுகிறார்.

1965-ல் விஜயந்தா டாங்கியைச் செய்த ஊர் இது. ஒரு வராந்தாவைச் சரி செய்ய முடியாதா?

செலவு அதிகம் இல்லை. சிமெண்டுத் தரை சில்லிடும். கோணியை விரித்து, அதன் மேல் பாய் போடலாம். வாடைக்காற்று வரும் வடபக்கம் பழைய சேலையைத் திரையாகக் கட்டலாம். சிவப்புச் சேலை என்றால் வராந்தாவே சிரிக்கும்! விரிசல் விட்ட தொட்டியிலும் டிசம்பர் பூ பூக்கும்.

வாசலில் அரிசி மாவுக் கோலம் போடுங்கள், எறும்பும் தின்னும். நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூ. அடியில் பிஞ்சு உள்ள பூவைப் பறிக்காதீர்கள். அதுதான் காயாகும்.

வெயில் ஏறியதும் பாட்டியின் நாற்காலியை வெளியே போடுங்கள்.