தொகுதிச் செய்தியும் வரவு செலவுக் கணக்கும்

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் காரியதரிசி எழுந்து நின்று, “சென்ற ஆண்டில் நம் சங்கம் பல நற்பணிகளைச் செய்தது” என்று மட்டும் கூறி அமர்ந்துவிட்டால், அங்கத்தினர் அதனை ஏற்றுக்கொள்வார்களா? வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, நிலுவை யார்மீது, சென்ற ஆண்டுத் தீர்மானம் என்னவாயிற்று என்று கேளாமல் விடமாட்டார்கள். கேட்பது அவர்கள் உரிமை; விடை கூறுவது சங்கத்தின் கடமை. இந்த எளிய நியதியை, சட்டசபை அங்கத்தினர்கள் தம் தொகுதி மக்களுக்கு வெளியிடும் செய்திகளுக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இன்று இச்செய்திகளுக்குக் குறைவில்லை. இன்ன ஊரில் சாலைப் பணிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, இன்ன அமைச்சரிடம் குடிநீருக்காக மனு அளிக்கப்பட்டது என்று துண்டறிக்கையாகவும் கைபேசிச் செய்தியாகவும் நாள்தோறும் வருகின்றன. இவை வேண்டாதவை என்று நாம் கூறவில்லை. தலைநகரில் நடப்பது மலைக்கிராமத்திற்கு அன்றே தெரியவருவது நன்றே. ஆயினும், அவற்றில் தொடக்கம் இருக்கிறது, முடிவு இருப்பதில்லை. அடிக்கல்லுக்குத் தேதி உண்டு. பணி முடியும் நாளுக்குத் தேதி இல்லை. மனு அளித்த செய்தி வருகிறது. அதற்குக் கிடைத்த மறுமொழி வருவதில்லை.

நீலகிரி ஜில்லாவில் இக்குறை பெரிதாகிறது. உதகமண்டலம், குன்னூர், கூடலூர் என இங்கே மூன்று சட்டசபைத் தொகுதிகள் உள்ளன. 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் இம்மூன்றும் மூன்று வெவ்வேறு கட்சியினரைத் தேர்ந்தெடுத்தன. ஆனால் மழைக்கும் மண்சரிவுக்கும் கட்சி வேற்றுமை கிடையாது. 2009 நவம்பரில் நேர்ந்த மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. இத்தகைய மலையில் ஒரு தடுப்புச் சுவரும், ஒரு சிறு பாலமும், நோயாளியை ஏற்றிச் செல்லும் ஒரு பாதையும் உயிர்காக்கும் பொருள்கள் ஆகும். வாக்களிக்கப்பட்ட சுவர் எழும்பிற்றா என்பதை மழைக்காலத்திற்கு முன்னரே மக்கள் அறிதல் வேண்டும். சரிந்த பின் அறிவதில் பயனில்லை.

அடுத்து, எது யாருடைய அதிகாரத்தில் உள்ளது என்பதும் தெளிவாக்கப்படுதல் வேண்டும். பச்சைத் தேயிலையின் விலையை எடுத்துக்கொள்வோம். தேயிலை வாரியம் 1953ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டப்படி மத்திய சர்க்காரின் கீழ் இயங்குவது. 1965இல் தோன்றிய இண்ட்கோசர்வ் இணையமும் அதனைச் சேர்ந்த கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் மாநில சர்க்காரின் மேற்பார்வையில் உள்ளவை. “விலை உயர ஆவன செய்யப்படும்” என்று ஒரு வரி எழுதிவிட்டால், சிறு விவசாயி எவரிடம் போய்க் கேட்பான்? கூடலூரிலோ சிக்கல் இன்னும் ஆழமானது. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் அடங்கிய நிலங்களின் உரிமை தீராமல் நீண்டுவந்ததால், அங்கே குடியிருப்போர் பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் பல்லாண்டு அலைந்திருக்கின்றனர். அவர்களுக்கு வேண்டுவது “விரைவில் ஒளி பிறக்கும்” என்னும் வாழ்த்தன்று. தம் விண்ணப்பம் வருவாய்த்துறையிடம் இருக்கிறதா, வனத்துறையிடம் இருக்கிறதா, நீதிமன்றத்தில் நிற்கிறதா என்னும் ஒரு வரித் தகவலே.

பணத்தின் நிலையும் இதுவே. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி 2019-20ஆம் ஆண்டு முதல் தொகுதி ஒன்றுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஐந்தாண்டில் இது 15 கோடி ரூபாய். உறுப்பினர் பணியைப் பரிந்துரைக்கிறார். மாவட்ட நிர்வாகம் அதனை அனுமதித்து நிறைவேற்றுகிறது. மேலும், 2022இல் “உங்கள் தொகுதியில் முதலமைச்சர்” திட்டத்தின்கீழ், நெடுநாள் தீராத பத்துக் கோரிக்கைகளை எழுதித் தருமாறு 234 தொகுதிகளின் உறுப்பினர்களும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். தன் தொகுதியின் பத்துக் கோரிக்கைகள் எவை, அவற்றுள் நிறைவேறியவை எத்தனை என்று நம்மில் எத்தனை பேர் கூறவல்லோம்?

இந்த மலைக்கு இதில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. சென்னைச் சட்டமன்றத்தில் நீலகிரியின் குரலாக விளங்கிய ராவ் பகதூர் ஹெச். பி. ஆரி கவுடர், பேச்சோடு நின்றுவிடவில்லை. மேட்டுப்பாளையம் மண்டிகளில் தரகர் வைத்ததே விலை என்றிருந்த உருளைக்கிழங்கு விவசாயிகளுக்காக 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை அமைத்தார். சமவெளியில் கைத்தறி நெசவாளருக்காகக் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் அதே ஆண்டில்தான். இவ்விரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: எடையும் விலையும் கழிவும் உற்பத்தியாளனுக்கு எழுத்தில் தெரிதல் வேண்டும் என்பது.

அந்த அடிப்படையிலேயே நாம் ஒரு யோசனை கூறுகிறோம். சட்டசபை அங்கத்தினர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரே தாளில் நான்கு பத்திகளை வெளியிடட்டும். முதற்பத்தியில் பணியும் ஊரும். இரண்டாவதில் பொறுப்பான துறை. மூன்றாவதில் அனுமதித்த தொகையும் தேதியும். நான்காவதில் அன்றைய நிலை. மறுக்கப்பட்ட கோரிக்கைகளும் காரணத்தோடு அதில் இடம்பெறட்டும். அத்தாள் பஞ்சாயத்து அலுவலகத்திலும், நியாயவிலைக் கடையிலும், நம் சங்க அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படட்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

“ஒப்பந்தக்காரர் தாமதித்தாலும், வனத்துறை அனுமதி கிட்டாவிடினும் பழி எம்மீதல்லவா விழும்?” என்று சிலர் அஞ்சலாம். அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்தும் இத்தாளே. தடை எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்தால், மக்கள் அவரைக் குறைகூறாமல் அவருடன் சேர்ந்து அங்கே செல்வர். ஒன்றும் எழுதாவிடின், வீண் சந்தேகமே வளரும். குறையைக் கணக்கில் காட்டும் சங்கத்தை அங்கத்தினர் மன்னிப்பர். மறைக்கும் சங்கத்தை மன்னிப்பதில்லை.

கடமை அவருக்கு மட்டும் உரியதன்று; நமக்கும் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் 2022 முதல் கிராம சபைக்குக் குறிக்கப்பட்டன. அங்கே வெறுங்கையோடு சென்று கூச்சலிடுவதைவிட, தேதியோடு எழுதிய ஒரு கேள்வியை அளிப்பது மேல். விடை வாராவிடின், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 30 நாட்களுக்குள் பதில் பெற வழி வகுக்கிறது. சமவெளியில் உள்ள நெசவாள அன்பர்களுக்கும் இது பொருந்தும். கைத்தறி நெசவாளரின் இலவச மின்சாரம் இரு மாதங்களுக்கு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தப்படும் என 2023இல் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த செய்தி எல்லோருக்கும் தெரியும். அது தன் தெருவில் எத்தனை தறி வீடுகளின் மின்கட்டணச் சீட்டில் ஏறிற்று என்பதை அந்தந்தச் சங்கமே எண்ணிப் பார்த்துத் தொகுதி உறுப்பினருக்கு எழுதுதல் வேண்டும்.

கூட்டுறவு நமக்குக் கற்பித்த பாடங்களுள் தலையாயது, கணக்குக் கேட்பது பகைமையாகாது என்பதே. ஆகவே, வரும் பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் இந்த நான்கு பத்தித் தாளைக் கோரி ஒரு தீர்மானம் நிறைவேற்றி, தன் தொகுதியின் உறுப்பினருக்கு, அவர் எக்கட்சியினராயினும், அனுப்புமாக.