நோவை மறைத்து வெற்றி தேடலாமா?

நோவு உடலின் பகையன்று, காவலனே. எலும்பிலோ தசையிலோ ஊறு நேர்ந்தவிடத்து, அவ்வுறுப்புக்கு ஓய்வு வேண்டும் என்று அது எச்சரிக்கின்றது. அக்காவலனை மருந்தால் உறங்கவைத்து, ஆட்டக்காரனை மீண்டும் களத்திலிறக்கும் வழக்கம் தொழில்முறை விளையாட்டில் வேரூன்றியிருத்தல் கண்டு நாம் கவலையுறுகின்றோம்.

அபினியினத்து நோவுகொல்லி மருந்துகளின் இயல்பை இளைஞர் யாவரும் அறிதல் வேண்டும். முதலில் ஒரு குளிசை தந்த ஆறுதலைப் பின்னர் இரண்டு மூன்று குளிசைகளே தரும். நிறுத்தினாலோ வியர்வையும் உறக்கமின்மையும் உடலுளைவும் வாட்டும். நோவு தீர்ந்த பின்னரும் மருந்து விடாது. அளவு மிஞ்சின் மூச்சே நின்றுவிடும்.

அமெரிக்க உதைபந்தாட்டத்திலே 1995ஆம் ஆண்டுப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவுசெய்யப்பட்ட பிறெற் ஃபாவ், தாம் விக்கொடின் என்னும் குளிசைக்கு அடிமையானமையை 1996 மே மாதத்திற் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு சிகிச்சை பெறச் சென்றார். மீண்டுவந்து, 1997 ஜனவரியில் தம் அணி சுப்பர் போல் கிண்ணத்தை வெல்லவும் துணைநின்றார். எல்லார்க்கும் அப்பேறு வாய்க்கவில்லை. ஐஸ் ஹொக்கி வீரர் டெறெக் பூகாட், மதுவும் ஒக்சிகொடோனும் சேர்ந்தமையால், 2011இல் 28 வயதில் மாண்டார். பேஸ்போல் வீரர் டைலர் ஸ்காக்ஸ் 2019 ஜூலை 1இல், 27 வயதில் இறந்தபோது, அவர் உடலில் மதுவோடு ஒக்சிகொடோனும் ஃபென்ரனிலும் காணப்பட்டன. அவருக்கு அம்மருந்தை வழங்கிய குற்றத்துக்காக, அவரது அணியின் செய்தித்தொடர்பு அலுவலராயிருந்தவருக்கே 2022இல் 22 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இஃது ஆட்டக்காரரின் மனத்தளர்ச்சி என்று சிலர் கூறுவர். நாம் அதற்கு உடன்படோம். ஒருவன் ஓய்ந்திருந்தால் அவனிடத்தைப் பிடிக்க வேறொருவன் காத்து நிற்கின்றான். காயத்தைப் பார்க்கும் வைத்தியரோ பெரும்பாலும் கழகத்திடமே சம்பளம் பெறுபவர். நோயாளியின் நலத்துக்கும் அணியின் வெற்றிக்கும் இடையில் அவர் இழுபடுதல் இயல்பன்றோ?

ஆதலின், ஆட்டக்காரன் ஆடலாமோ ஆகாதோ என்று தீர்ப்பவர் அணிக்குக் கட்டுப்படாத வைத்தியராதல் வேண்டும் என்பதே எமது துணிபு. மருந்துக்கு அடிமையானவனைக் குற்றவாளியாகவன்றி நோயாளியாகவே நோக்குதல் வேண்டும். அமெரிக்கப் பேஸ்போல் சங்கம் 2019 டிசம்பரில், அபினியின மருந்துகளுக்குப் பரிசோதனை ஏற்படுத்தியபோது, அகப்பட்டவரை முதலிற் சிகிச்சைக்கே அனுப்ப இசைந்தது. ரமடோல் என்னும் மருந்தைப் போட்டிக் காலத்தில் உட்கொள்வது உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தால் 2024 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. இவை நல்ல தொடக்கங்களே; ஆயினும் விதிகள் மாத்திரம் போதா.

வேலிக்கு வெளியே நிற்கும் எமக்கும் இதிற் பங்குண்டு. கால் நொந்தும் ஓடியவனை வீரனென்று கைதட்டுகின்றோம். நோவைச் சொல்லி ஒதுங்கியவனைக் கோழையென்று நகைக்கின்றோம். பாடசாலை மைதானத்திலேயே இப்பாடம் தொடங்கிவிடுகின்றது. காயமுற்ற மாணவனை, ஆட்டம் தோற்பினும் வெளியே அழைக்கும் ஆசிரியரைப் போற்றப் பழகுவோமாக. கிண்ணம் அடுத்த ஆண்டும் வரும், முழங்கால் வராது.