கொப்பிக் கணக்கில் இருப்பவருக்கும் விலை கேட்கும் உரிமை உண்டு
தோட்டக் கடைகளில் பேரமும் வாடிக்கையும் குறித்து எமது பாவனையாளர் சங்கத்தின் நிலைப்பாடு

தோட்டத்துக் கடையில் மாதக் கணக்குக்குச் சாமான் வாங்குகிறவர் விலையைப் பற்றிக் கேள்வி கேட்கலாமா? கேட்கலாம். கேட்டதற்காக அவருடைய கடன் கொப்பி மூடப்படக் கூடாது. ஒரே கடையில் வருடக்கணக்காக வாங்குகிறவருக்கு, அன்று வழியில் வந்து ரொக்கமாக வாங்கிப் போகிறவரைவிடக் கூடிய விலை போடக் கூடாது. ஹட்டன், நுவரெலியா பக்கத் தோட்டங்களில் உறுப்பினர்களைக் கொண்ட எமது சங்கம் பல கூட்டங்களில் பேசி இந்த முடிவுக்கு வந்திருக்கிறது. அதற்கான காரணங்களையும் கடைக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் தோட்டக் கம்பெனிகளிடமும் நாங்கள் கேட்பவற்றையும் இங்கே வைக்கிறோம்.

மாதம் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் வருகிறது. அந்த வாரத்தில் ஹட்டன் டவுனுக்குப் போனால் எங்கள் மக்கள் பேரம் பேசுவதைக் கேட்கலாம். துணிக் கடையில் பேசுகிறார்கள், செருப்புக் கடையில் பேசுகிறார்கள். நுவரெலியாவின் பேல் பசாரில் சுவெட்டர் வாங்கும்போது, சொன்ன விலையைக் கேட்டுவிட்டு நாலு கடை தள்ளிப் போய், திரும்பி வந்து முதல் கடையிலேயே குறைத்து வாங்கும் அக்காமாரின் சாமர்த்தியத்துக்கு எந்த வியாபாரியும் மரியாதை கொடுப்பார். எங்கள் பெண்களுக்குப் பேரம் பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அதே அக்கா 20ஆம் திகதிக்குப் பிறகு லயத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போகும்போது பேச்சு மாறிவிடுகிறது. “மொதலாளி, ரெண்டு கிலோ மா, கால் கிலோ பருப்பு, கொஞ்சம் நெத்தலி, எழுதிக்கங்க” என்பதோடு முடிகிறது. மா என்ன விலை என்று கேட்பதில்லை. கேட்டால் முகம் கோணுமோ, அடுத்த முறை “போன மாசப் பாக்கியக் கட்டிட்டு வாங்க” என்று பதில் வருமோ என்ற பயம். கடைக்காரர் கொப்பியில் தொகையை எழுதுகிறார். பல கடைகளில் சாமானின் பெயர்கூட எழுதப்படுவதில்லை, தேதியும் தொகையும் மட்டுந்தான். சம்பள நாளில் கூட்டிச் சொல்கிற கணக்கை நம்பிக் கட்டுகிறோம்.

பழகிய கடை, பழகிய ஆள் என்ற உறவுக்கு உலகம் முழுக்க வியாபாரிகள் ஒரு விலை கொடுக்கிறார்கள். கொஞ்சம் குறைத்துத் தருவார்கள், அல்லது கூட ஒரு பிடி அள்ளிப் போடுவார்கள். எங்கள் தோட்டங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. வேறு கடைக்குப் போக முடியாதவர் என்று தெரிந்தவரிடமே கூடுதல் விலை போடப்படுகிறது. வாடிக்கையாளரின் விசுவாசம் என்று இதைச் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. போக வேறு வழி இருந்தும் ஒருவர் அதே கடைக்கு வந்தால்தான் அது விசுவாசம்.

இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. தொழிலாளரைத் திரட்டி வந்த பெரிய கங்காணிமார் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த செலவே கடனாகத் தலையில் ஏறியது. அரிசியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. கங்காணிமார் பலர் கடையும் வைத்திருந்தார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டில் பேர் போட்டவரும், கடன் கொடுத்தவரும், சாமான் விற்றவரும் ஒரே ஆளாக இருந்தால் யார் விலை கேட்பது? ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போவதென்றால், இவ்வளவு கடனைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்துத்தான் ஆளை எடுத்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. துண்டு போய் நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆனால் தன் கடன் எவ்வளவு என்பது தன் கையில் எழுத்தில் இல்லாத நிலை இன்னும் பல லயங்களில் இருக்கிறது. எமது சங்கத்தை இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது அதுதான்.

கடைக்காரர்களைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர்களில் மிகப் பலர் எங்கள் ஆட்கள்தான், லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 2020இல் ஊரடங்கு போட்டு டவுனுக்குப் போக முடியாமல் இருந்தபோது வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தக் கொப்பிகளால். 2022இல் கோதுமை மாவின் விலை வாரத்துக்கு ஒன்றாக ஏறி, ரொட்டி சுடுவதே யோசித்துச் செய்கிற காரியமான சமயத்தில், நாட்டின் பணவீக்கம் செப்டெம்பரில் 70 வீதத்தை எட்டிய சமயத்தில், மொத்த வியாபாரி ரொக்கம் இல்லாமல் மூட்டையை இறக்க மறுத்தார். அந்த நிலையிலும் தங்கள் நகையை அடகு வைத்துச் சாமான் எடுத்து எங்களுக்குக் கடன் கொடுத்த கடைக்காரர்களை நாங்கள் அறிவோம். அவர்களுக்குக் கட்டப்படாமலே போன பாக்கிகளும் உண்டு. வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்ட குடும்பங்களின் கணக்குகள் பழைய கொப்பிகளில் அப்படியே கிடக்கின்றன. அதையும் எங்கள் உறுப்பினர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

விலை கூடுவதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. டவுனிலிருந்து தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஒரு மூட்டை அரிசி ஏற வேண்டுமென்றால் ஆட்டோக் கூலி, கல் பெயர்ந்த ரோட்டில் தேயும் டயர், மழைக்காலத்தில் பாதி வழியில் இறக்கித் தலையில் சுமப்பிக்கும் கூலி எல்லாம் சேர்கின்றன. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் ரோடு போன்றவற்றுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அந்தத் தாமதத்துக்கான விலையின் ஒரு பகுதியைக் கிலோ பருப்பில் இன்னும் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆகவே டவுன் விலைக்கே மேல் டிவிஷனிலும் விற்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எவ்வளவு கூடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும், எல்லோருக்கும் ஒரே அளவில் கூட வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி கடையில் விலைப் பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். பைக்கெட்டில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் விற்பது குற்றம். கடனுக்கு விற்றாலும் குற்றந்தான். வைத்திருக்கும் சாமானை விற்க மறுப்பதும் குற்றம்.

ஆனால் கடன் கொடுக்க மறுப்பது குற்றமல்ல. இந்த இடத்தில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. கையில் காசு உள்ளவர் விலையைக் கேட்டுச் சண்டை போட்டாலும் சட்டம் அவருக்குப் பின்னால் நிற்கிறது. கொப்பியில் வாங்குகிறவர் கேட்டால், “ஒனக்கு இனிக் கடன் இல்ல” என்ற ஒரு வார்த்தையில் அவருடைய உரிமை அத்தனையும் போய்விடுகிறது. கடைக்காரர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அதனால்தான் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதோடு நிற்காமல், கடைக்காரரும் வாடிக்கையாளரும் சேர்ந்து ஒரு வழக்கத்தை உண்டாக்க வேண்டும் என்கிறோம்.

அச்சிட்ட விலை இல்லாத சாமான்களில்தான் பெரும்பாலும் விலை ஆளுக்கு ஆள் மாறுகிறது. அரிசி, மா, பருப்பு, வெங்காயம், கருவாடு, தேங்காய் என்று உதிரியாக நிறுத்தும் எண்ணியும் விற்பவை. எங்கள் வீட்டுச் செலவில் பெரும்பகுதியும் இவைதான். 2024இல் எங்கள் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்த வருடம் டிசம்பரில் அரசு நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபா என உச்ச விலை விதித்தது. நாள் இலக்கை முடித்து முழுப்பேர் கிடைத்த ஒரு நாள் சம்பளத்துக்கு அப்போது ஆறு கிலோ அரிசிகூட வரவில்லை. கொழுந்து குறைந்து அரைப்பேரானால் மூன்று கிலோவுக்கும் கீழே. கணக்கு இவ்வளவு நெருக்கமாக இருக்கும் வீட்டில் கிலோவுக்குப் பத்து ரூபா என்பது சின்ன விஷயமல்ல.

எனவே கொப்பி இரண்டாக இருக்க வேண்டும் என்கிறோம். ஒன்று கடையில், ஒன்று வாங்குகிறவர் கையில். சாமானின் பெயர், நிறை, விலை, தேதி நான்கும் தமிழில் இரண்டிலும் அந்த நேரத்திலேயே எழுதப்பட வேண்டும். சிறுபிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் கொப்பியையும் கொடுத்து அனுப்புங்கள். உதிரிச் சாமான்களின் அன்றைய விலை ஒரு பலகையில் சோக்கால் எழுதப்பட்டிருக்கட்டும். ரொக்கத்துக்கும் கடனுக்கும் அதே விலை. மூன்று வாரம் பணம் முடங்குவதற்குக் கடைக்காரர் ஏதாவது எதிர்பார்க்கிறார் என்றால், அதை விலைக்குள் மறைக்காமல் மாதக் கணக்கின் கடைசியில் தனி வரியாக, முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்ட அளவில் எழுதட்டும். கண்ணுக்குத் தெரிகிற தொகையைப் பற்றித்தான் பேரம் பேச முடியும். ஈடாக வங்கி அட்டை, அடையாள அட்டை, காதுத்தோடு போன்றவற்றைக் கடையில் வாங்கி வைப்பதை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. கணக்கைத் தீர்த்துவிட்டு ஒருவர் வேறு கடைக்கு மாறினால் அவருடைய கொப்பியில் “முடிந்தது” என்று கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும்.

எங்களுக்குள்ளேயே மாற்றுக் கருத்து இருந்தது. கடனையே ஒழித்துவிடலாம், அரசின் சதொசவிலும் பேரங்காடியிலும் ஒரே விலை, பில் கையில் வருகிறது, அங்கே போங்கள் என்று இளைஞர்கள் சிலர் சொன்னார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. முடிந்தவர்கள் மாத அரிசியையும் மாவையும் நாலு வீடு சேர்ந்து ஆட்டோ பிடித்து டவுனில் வாங்குவதை நாங்களும் ஊக்குவிக்கிறோம். ஆனால் பேரங்காடி 25ஆம் திகதி இரவு பிள்ளைக்குப் பால்மா எழுதிக் கொடுக்காது. சம்பளம் மாதம் ஒருமுறை வந்து மூன்றாம் வாரத்தில் தீர்ந்துபோகும் வரை கடன் இருக்கத்தான் செய்யும். அதை இல்லையென்று பேசுவதைவிட நேர்மையாக நடத்துவது மேல் என்று பெரும்பான்மையோர் கருதினோம்.

பேரம் பேசுவது பற்றி இன்னொன்றும் எங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்கிறோம். கொப்பி வைத்திருக்கும் மொதலாளியிடம் வாய் திறக்காமல் வந்துவிட்டு, ரோட்டோரத்தில் வல்லாரையும் கோவாவும் விற்கும் ஆயாவிடம் ஐந்து ரூபாவுக்கு மல்லுக்கட்டுகிறோம். லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில், மண் சரிவோடும் பன்றியோடும் போராடி வளர்த்த கீரை அது. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வரும் பெரிய வாகனக்காரர்கள் அந்த ஆயாவிடம் பாதி விலைக்குக் கேட்கும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் எங்கள் மீதும் திரும்பட்டும். சிறு விற்பனையாளர் சொல்லும் விலை எட்டவில்லை என்றால் வாங்காமல் போகலாம். அவரைக் கசக்கக் கூடாது.

அதிகாரிகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. உச்ச விலை போட்டவுடன் சோதனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சின்னக் கடைகளைத்தான் பிடிக்கிறார்கள். பில் கொடுக்காமல் கூடிய விலைக்கு மூட்டையை இறக்கும் மொத்த வியாபாரியை விட்டுவிட்டு, அதை வாங்கி விற்றவருக்கு மட்டும் தண்டம் போட்டால் அந்தத் தண்டமும் கடைசியில் எங்கள் கொப்பியில்தான் ஏறும். சோதனை மேலிருந்து தொடங்கட்டும். 1995ஆம் ஆண்டின் அளவீட்டு அலகுகள் சட்டப்படி தராசுகளுக்கு வருடந்தோறும் முத்திரை போட வேண்டும்; அதற்கான நாளைத் தோட்டங்களிலேயே வைத்தால் மேல் டிவிஷன் கடைக்காரரும் தராசைச் சுமந்து டவுனுக்கு அலைய வேண்டியிருக்காது. கொழுந்து நிறுக்கும் தராசையும் அன்றே பார்க்கலாம்.

கம்பெனிகள் சம்பளத்தைச் சொன்ன திகதிக்குப் பிந்தாமல் போட வேண்டும். இரண்டு நாள் தாமதமானாலும் அந்த இரண்டு நாளும் கடனில் ஓடுகின்றன. தீபாவளி முற்பணத்தைப் பண்டிகைக்கு முதல் நாள் வரை இழுக்காமல், டவுனில் விலை விசாரித்து வாங்க அவகாசம் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். அவசரத்தில் கையில் வரும் காசோடு பேரம் பேச முடியாது. இயங்காமல் கிடக்கும் தோட்டக் கூட்டுறவுச் சங்கங்களைத் திரும்பத் திறக்க இடமும் மின்சாரமும் தருவது கம்பெனிகளுக்குப் பெரிய செலவல்ல.

இரட்டைக் கொப்பிக்கு ஒத்துக்கொள்ளும் கடைகளின் பெயரை எமது கூட்டங்களில் அறிவிப்போம். அங்கே வாங்கும் உறுப்பினர்கள் சம்பள நாளன்றே, மற்றச் செலவுக்கு முன்னால், பாக்கியைக் கட்டும்படி சங்கம் பொறுப்பெடுத்துப் பேசும். பழைய பாக்கிகளைத் தவணையாகத் தீர்க்கவும் நடுவில் நிற்போம். விலைப் பட்டியல் வைக்கவே மறுக்கும் கடைகளைப் பற்றி முதலில் நேரில் பேசுவோம். அப்புறமும் மறுத்தால் 1977 என்ற இலக்கத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வோம். அந்த முறைப்பாடு சங்கத்தின் பெயரில் மட்டுமே போகும். அந்தக் கடையில் கொப்பி வைத்திருக்கும் எந்த உறுப்பினரின் பெயரும் அதில் இருக்காது.