வினாவின் இறுதிச் சொல்

"விடை தெரிந்தே எழுதினேன், ஆயினும் மதிப்பெண் கிடைக்கவில்லை" என்று வருந்தும் மாணவர் பலர். அவர்கள் கூறுவது பெரும்பாலும் உண்மையே. பாடச்செய்தி அவர்களுக்குத் தெரியும். அச்செய்தியைக் கொண்டு என்ன செய்யவேண்டும் என்று வினா பணித்ததோ, அதனை அவர்கள் கவனிப்பதில்லை. ஆதலால் பாடத்தைக் கற்பது போலவே, வினாவில் உள்ள பணிச்சொல்லைக் கற்பதும் இன்றியமையாதது.

ஆங்கில வினாக்களில் பணிச்சொல் பெரும்பாலும் தொடக்கத்தில் நிற்கும். தமிழிலோ வினைமுற்று தொடரின் இறுதியில் வருவதே இயல்பு. பிற பாடங்களை ஆங்கிலத்தில் பயிலும் மாணவர், முதலில் கண்ட பொருளைப் பற்றிக்கொண்டு, இறுதிச் சொல்லை மனத்தில் வாங்காமலே எழுதத் தொடங்கிவிடுகின்றனர்.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. வீட்டில் அம்மா "சொல்லு", "எழுது" என்பார். வினாத்தாளோ "கூறுக", "எழுதுக" என்னும். 'க' என்னும் விகுதி பெற்ற இவ்வடிவம் வியங்கோள் வினைமுற்று எனப்படும். இது பேச்சில் அரிதாகவே வரும். எனவே தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்கு இது அயலாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் "வருக", "வாழ்க" என்னும் சொற்களை அவர்களும் அறிவர். அவற்றின் உடன்பிறப்புகளே "விளக்குக", "ஒப்பிடுக" முதலியன.

"கங்கை, காவிரி ஆகிய ஆறுகளை ஒப்பிடுக" என்பது ஒரு வினா. மாணவர் ஒருவர், கங்கை இமயமலையில் தோன்றி ஏறத்தாழ 2,525 கிலோமீட்டர் பாய்கிறது என்று அரைப்பக்கம் எழுதுகிறார். பின்னர், காவிரி குடகு மலையிலுள்ள தலைக்காவிரியில் தோன்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் பாய்கிறது என்று மற்றோர் அரைப்பக்கம் எழுதுகிறார். எழுதியவற்றில் பிழை இல்லை. ஆயினும் அது "விவரிக்க" என்பதற்குரிய விடை. ஒப்பிடுதலாவது, இரண்டையும் ஒரே அளவுகோலால் அருகருகே வைத்துப் பார்த்தல். இரண்டும் வங்கக் கடலில் கலக்கின்றன. இரண்டும் கழிமுகச் சமவெளியை உருவாக்குகின்றன. கங்கைக்கு மழையோடு பனியுருகிய நீரும் துணை, காவிரியோ பருவமழையையே நம்பியுள்ளது. இவ்வாறு எழுதுவதே ஒப்பீடு.

"வேறுபடுத்துக" எனின் வேற்றுமைகள் மட்டும் போதும். "பட்டியலிடுக" எனின் பெயர்களை வரிசைப்படுத்தினால் போதும். "விளக்குக" எனின் எவ்வாறு, ஏன் என்பன தெளிவாக வேண்டும். ஆற்றுநீர் மாசடைவதை "ஆராய்க" எனின், காரணங்களைப் பிரித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வரவேண்டும்.

அறிந்த அனைத்தையும் எழுதினால் எப்படியும் மதிப்பெண் கிடைக்கும் என்பர் சிலர். அது பொருந்தாது. தேவையற்றவற்றின் நடுவே தேவையானது மறைந்துபோகும். அடுத்த வினாவிற்குரிய நேரமும் வீணாகும்.

எனினும் முழுப் பொறுப்பையும் பிள்ளைகள்மேல் சுமத்துதல் நேர்மையன்று. வினா அமைப்போர் ஒரு சொல்லை எங்கும் ஒரே பொருளில் வழங்கவேண்டும். ஆசிரியர் அச்சொற்களை வகுப்பிலேயே எடுத்துக்காட்டுகளுடன் பயிற்றவேண்டும். கற்பிக்காத சொல்லுக்காக மதிப்பெண்ணைக் குறைத்தால், "தமிழ் எனக்கு வராது" என்னும் தவறான எண்ணமே பிள்ளையின் உள்ளத்தில் வேரூன்றும்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வில் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே 15 நிமிடங்கள் வழங்கப்படுகின்றன. அந்நேரத்தில் ஒவ்வொரு வினாவின் இறுதிச் சொல்லையும் முதலில் நோக்குதல் நன்று. ஒப்பிடவும் விளக்கவும் ஆராயவும் தமிழிலேயே பழகிய பிள்ளைக்குத் தமிழ், வீட்டில் பேசும் மொழியாக மட்டும் நின்றுவிடாமல், சிந்திக்கும் மொழியாகவும் அமையும்.