இ-பாஸ் வண்டியை எண்ணும். யானைப் பாதையை யார் காப்பது?

‘லீவு விட்டாச்சு, ஊட்டிக்கு ஒரு ட்ரிப் போடலாமா?’ என்ற கேள்வியோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்து வருகிறது: ‘இ-பாஸ் எடுத்தாச்சா?’

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் வந்தது. நெரிசலுக்கு இது நல்ல மருந்துதான். ஆனால், எத்தனை வண்டி வருகிறது என்பது பாதிப் பிரச்சினை. வந்தவர்கள் இரவில் எங்கே தங்குகிறார்கள் என்பது மீதிப் பாதி.

சீகூர் ஏன் முக்கியம்?

முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி, மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் ஊர்கள் இருக்கும் இடம் சீகூர் பீடபூமி. ஒரு பக்கம் செங்குத்தான நீலகிரிச் சரிவு, மறுபக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. யானைகள் நடப்பதற்கு நடுவில் இருக்கும் நிலம்தான் மிச்சம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே அவை வலசை போவது இவ்வழியாகத்தான். காட்டைப் பார்க்க வருபவர்களும் இங்கேயே தங்க ஆசைப்பட, ரிசார்ட்டும் வேலியும் பாதையை மறித்தன.

இதை யானை வழித்தடமாகத் தமிழக அரசு 2010இல் அறிவித்தது. 2018 ஆகஸ்ட்டில் ரிசார்ட்டுகளுக்கு சீல் வைக்க உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபர் 14 அன்று வழித்தட அறிவிப்பை உறுதிசெய்தது. அடுத்த சில மாதங்களில், மசினகுடியில் எரியும் டயர் வீசப்பட்ட யானை தீக்காயங்களோடு தவித்து, 2021 ஜனவரியில் இறந்தது.

என்ன செய்யலாம்?

சுற்றுலாவே வேண்டாம் என்பது தீர்வல்ல. ஜீப் ஓட்டுநர், சமையல்காரர், வழிகாட்டி எனப் பலரின் அடுப்பு அதில்தான் எரிகிறது. பக்கத்துப் பந்திப்பூரைப் பாருங்கள். அங்கே நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மைசூருப் பயணம் நின்றுவிடவில்லை; நேரம்தான் மாறியது. சீகூரில் மாற வேண்டியது தங்கும் இடம். பகலில் வனத்துறை சஃபாரி, இரவில் வழித்தடத்துக்கு வெளியே அறை. உரிமம் பெற்ற விடுதிகளின் பட்டியலோடு இ-பாஸை இணைத்தால் இதைக் கண்காணிப்பது எளிது. வழித்தடத்தில் வேலை இழப்பவர்களுக்கு சஃபாரி, காட்டுத்தீத் தடுப்புப் பணிகளில் முன்னுரிமை தருவது அரசின் கடமை.

ரூம் புக் பண்ணும்போது ‘வியூ எப்படி?’ என்பதோடு, ‘லைசென்ஸ் இருக்கா? யானை போற வழியிலயா இருக்கு?’ என்றும் கேட்கலாம். பதில் மழுப்பலாக வந்தால், ஊட்டியிலோ குன்னூரிலோ வேறு அறை பார்ப்பதே நல்லது.