குவியலுக்குள் விட்ட கை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் தம் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அவ்வாறாயின் நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய பெருமானார், ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் இந்நிகழ்ச்சி, பழைய கார்களைப் புதுப்பிப்போர்க்கும் விற்போர்க்கும் உரிய பாடம் என நாம் கருதுகிறோம்.

சங்கரன்கோவிலில் நாம் அறிந்த அன்பர் ஒருவர் பழைய அம்பாசடர் கார் ஒன்றை வாங்கினார். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அவ்வண்டியின்மீது அவர்க்கு இளமைதொட்டே பற்று. டிங்கர் வேலை, பெயிண்ட், புதிய இருக்கை உறை என யாவும் நிறைவேறின, கையிருப்பும் தீர்ந்தது. அதன் பின்னரே வண்டி மேடேற மறுத்தது. நீலப் புகையும் கக்கிற்று. விசைத்தறிகள் ஒலிக்கும் அவ்வூரில், பாவில் ஓர் இழை அறுந்தாலும் அதனை முடிந்த பின்னரே நெசவாளர் தறியை ஓட்டுவர். அந்த முறைமை வண்டிக்கும் வேண்டுமன்றோ?

எஞ்சினின் உயிர் அதன் அமுக்கத்தில் உள்ளது. பணிமனைகளில் இதனைக் 'கம்ப்ரஷன்' என்பர். சிலிண்டருக்குள் புகுந்த காற்றும் பெட்ரோல் ஆவியும் பிஸ்டனால் நெருக்கப்பட்ட பின்னரே தீப்பொறி அதற்கு வலிமை தருகிறது. நெருக்கப்பட்டது கசியுமாயின் வலிமையும் கசியும். 1206-ஆம் ஆண்டில் தம் பொறியியல் நூலை நிறைவு செய்த அறிஞர் அல்-ஜஸரி, நீரிறைக்கும் இரட்டைச் சிலிண்டர்க் கருவியில் பிஸ்டனுக்கு நார்க்கயிறு சுற்றி இடைவெளியை அடைத்தார். இன்று இரும்பு ரிங்குகள் செய்வதும் அப்பணியே.

சோதனை எளிது. எஞ்சினைச் சூடேற்றி நிறுத்தி, ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, மின்பொறி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஒரு சிலிண்டரின் பிளக் துளையில் அளவுமானியைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சில சுற்றுகள் இயக்கி, முள் காட்டும் உச்ச அளவைக் குறிக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களுக்கும் இவ்வாறே செய்க. அளவுகள் தம்முள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடலாகாது என்பது பொதுவிதி. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மீண்டும் அளந்தால், அளவு உயருமாயின் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர்ச் சுவரோ தேய்ந்துள்ளது எனலாம். உயராவிடில் வால்வில் குறையிருக்கலாம். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருசேரத் தாழ்ந்திருந்தால் இடையிலுள்ள ஹெட் காஸ்கட்டை ஐயுறலாம்.

எஞ்சினையே மாற்றிவிட்டால் என்ன எனச் சிலர் கேட்பர். 2021-ஆம் ஆண்டின் மைய அரசு விதிகள், முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தொன்மை வண்டி எனும் தனிப் பதிவை வழங்குகின்றன. ஆனால் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யாது மூல வடிவில் இருத்தல் வேண்டும். ரிங் மாற்றினால் தீரும் குறைக்காக மூல எஞ்சினைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவது, வண்டியின் வரலாற்றையே எடைக்குப் போடுவதாகும்.

குறையைச் சொன்னால் விலை குறையுமே என்பாரும் உளர். குறையட்டும். ஈரத்தை மறைத்துப் பெறும் விலை நமக்கு ஆகுமானதன்று. வாங்குவோர் பெயிண்டுக்கு முன் அளவுமானியைக் கேட்கட்டும். விற்போர் நான்கு அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். மெக்கானிக்குகள் தாம் கண்டதை மறையாது உரைக்கட்டும்.

மாணவ நண்பர்களே, மேற்பூச்சைக் கண்டு மயங்காது உள்ளே கைவிட்டுப் பார்க்கும் பழக்கமே கல்வி. பெரியோர்களே, அவ்வாறு பார்க்க வருவோரைத் தடுக்காதிருப்பதே வணிக நேர்மை. இவ்விரண்டும் ஒருசேர வாய்க்க வல்ல இறைவன் அருள்வானாக.