லீஸ்டு லைன் வாங்கியாச்சு… ரவுட்டர் தாங்குமா? தஞ்சை சிறு நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

சென்னை, பெங்களூரு என்று அலையாமல் சொந்த ஊரிலேயே ஐடி வேலை. இந்த எதிர்பார்ப்போடுதான் 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வெளியூர் வாடிக்கையாளருக்கு இங்கிருந்தே வேலை பார்க்கும் சிறு நிறுவனத்துக்கு இணையம்தான் மூலதனம். அதற்காக லீஸ்டு லைன் எடுத்து மாதாமாதம் ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். ஆனால், அதன் முனையில் வீட்டு ரவுட்டரை மாட்டினால் என்ன ஆகும்?

லீஸ்டு லைனில் என்ன ஸ்பெஷல்?

வீட்டு பிராட்பேண்டில் ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். லீஸ்டு லைன் அந்த நிறுவனத்துக்கு மட்டுமே. 50 எம்பிபிஎஸ் வாங்கினால் டவுன்லோடும் 50, அப்லோடும் 50. நிலையான ஐபி முகவரி கிடைக்கும். கோளாறை எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும்.

ஆனால், தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால், இணைய நிறுவனத்தின் பொறுப்பு ஃபைபரைக் கொண்டுவந்து ஒரு போர்ட்டில் முடிப்பதோடு சரி. அதற்குப் பிறகு ரவுட்டர், ஃபயர்வால், சுவிட்ச், வைஃபை எல்லாம் வாடிக்கையாளர் பாடு.

பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்பலாமா?

அப்படியே நம்ப முடியாது. ஃபயர்வால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பாதுகாப்பு வசதிகள் எதையும் ஆன் செய்யாதபோது கிடைக்கும் வேகம். வைரஸ் சோதனை, ஊடுருவல் தடுப்பு எல்லாம் ஓடும்போது அது பல மடங்கு குறையலாம். விவரக் குறிப்பில் 'த்ரெட் புரொடெக்‌ஷன் த்ரூபுட்' என்று இருக்கும் எண்தான் முக்கியம். அது லைன் வேகத்தைப் போல 2 மடங்கு இருந்தால், பின்னாளில் லைனை உயர்த்தினாலும் கருவியை மாற்ற வேண்டியிருக்காது. ஆண்டு உரிமக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

புயல் வந்தால்?

டெல்டாவில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது மின்கம்பங்களோடு செல்போன் கோபுரங்களும் சாய்ந்தன. எனவே இரண்டு இணைப்புகளை ஏற்று, ஒன்று போனால் தானாக மற்றொன்றுக்கு மாறும் ரவுட்டர் தேவை. ஆனால், இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கினால் சேர்ந்தேதான் விழும். எந்த வழியாக வருகிறது, மண்ணுக்கடியிலா, கம்பத்திலா என்று கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால், மின்னல் தாக்கினால் மின் இணைப்பு வழியாகவும் செம்பு கேபிள் வழியாகவும் அதன் தாக்கம் கருவிக்குள் வந்துவிடும். சரியான எர்த்திங், சர்ஜ் புரொடெக்டர் இரண்டும் கட்டாயம். ரவுட்டரை யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு, ஃபைபர் வந்து சேரும் சின்னப் பெட்டியை மறந்துவிட்டால் கரண்ட் போனதும் எல்லாமே அவுட்!

சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்கும் தெரியாத பகுதி இதுதான். மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட சைபர் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் புகாரளிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவுகளை, அதாவது 'லாக்'குகளை, 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்குக் கிடைத்தது 2022 செப்டம்பர் 25 வரையிலான அவகாசம்தான், விலக்கு அல்ல.

சாதாரண வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் ரீஸ்டார்ட் செய்தாலே லாக் அழிந்துவிடும். பதிவுகளை வேறொரு கணினிக்கு அனுப்பும் 'சிஸ்லாக்' வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பழைய ரவுட்டர் நல்லாத்தானே ஓடுது?

ஓடும். ஆனால், யாருக்காக ஓடுகிறது என்பது தெரியாது. 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த 'விபிஎன்ஃபில்டர்' வைரஸ், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளுக்குள் புகுந்திருந்தது. அதன் குறி வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள்தான். தயாரிப்பு நிறுவனம் அப்டேட்டை நிறுத்திவிட்டால், எத்தனை நன்றாக ஓடினாலும் அந்தக் கருவியை மாற்றிவிட வேண்டும்.

ஆக, கடைக்காரரிடம் விலையைக் கேட்கும் முன் கேட்க வேண்டியவை நான்கு: பாதுகாப்பு வசதிகள் ஆனில் இருக்கும்போது வேகம் எவ்வளவு? இரண்டாவது இணைப்புக்குத் தானாக மாறுமா? லாக்கை வெளியே அனுப்புமா? அப்டேட் எந்த ஆண்டு வரை வரும்? இதற்குப் பதில் இல்லாத கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.